பேருக்கு முதலாளி

அவருக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒரு சைக்கிள்கூடக் கிடையாது. ஆனாலும் தெருவில் இறங்கினால் "என்ன முதலாளி, கிளம்பியாச்சா?" என்றுதான் ஆளாளுக்குக் கேட்பார்கள். தண்ணீர் லாரியில் கிளீனராக ஏறிய காலத்தில் ஒட்டிக்கொண்ட பட்டம் அது. மற்ற கிளீனர்கள் டிரைவர் கண்ணசந்தால் தாங்களும் டயருக்குப் பக்கத்தில் சுருண்டுகொள்வார்கள். இவர் மட்டும் தன் பனியனைக் கழற்றி நனைத்து லாரியைத் துடைத்துக்கொண்டிருப்பார். விளக்கு, கண்ணாடி, கதவுக் கைப்பிடி என்று ஒன்றையும் விட மாட்டார். ஒருநாள் இதைப் பார்த்த மெக்கானிக், "அப்பன் சொத்து மாதிரி துடைக்கிறானே, இவன்தான்யா இந்த வண்டிக்கு முதலாளி" என்றார். டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கிண்டலுக்குச் சொன்னது அப்படியே நின்றுவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் ஓட்டுநர் உரிமத்தில் மட்டும் மிச்சமிருந்தது.

உள்ளூர அவருக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. அவர் டிரைவராகிக் கல்யாணப் பேச்சு வந்தபோது, வருங்கால மாமனார் டீக்கடையில் போய் விசாரித்திருக்கிறார். "யாரு, முதலாளியா? தங்கமான மனுஷன்" என்று கடைக்காரர் சொல்ல, மாமனார் எத்தனை லாரி என்று கேட்கக்கூட மறந்து சம்மதம் சொல்லிவிட்டார். விஷயம் தெரிந்தபோது பத்திரிகை அடித்தாகிவிட்டது. "எங்கப்பா காதை நம்பினாரு, நான் கழுத்தை நீட்டினேன்" என்று மனைவி பல வருஷம் சொல்லிக்காட்டினாள். அக்கம்பக்கத்தார் அவளை "முதலாளியம்மா" என்று கூப்பிட்டால் திரும்பியே பார்க்க மாட்டாள். தனக்கென்று ஒரு பேர் இருக்கிறது என்பாள்.

தண்ணீர் லாரி ஓட்டிய வருஷங்கள்தான் அவர் வாழ்க்கையில் நல்ல வருஷங்கள். ஹாரன் சத்தம் கேட்டதும் குடங்களும் வாளிகளும் வாசலுக்கு ஓடி வரும். வரிசையில் சண்டை மூளும். இவர் படியில் நின்று பஞ்சாயத்துப் பண்ணுவார். கைக்குழந்தைக்காரிக்கு முதல் குடம், நடக்க முடியாதவர் வீட்டுக்கு உள்ளேவரைக்கும் ரப்பர் குழாய். "முதலாளி, இன்னும் ரெண்டு குடம்" என்று கெஞ்சுவார்கள். இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வராது. ஒருவருடைய வேலையைப் பார்த்து இத்தனை பேர் சந்தோஷமாக ஓடி வருவது எல்லாருக்கும் கிடைக்கிற பாக்கியம் இல்லை.

பிறகு தெருத்தெருவாகப் பள்ளம் தோண்டிக் குழாய் பதித்தார்கள். வீட்டுக்குள்ளேயே தண்ணீர் வந்த பிறகு லாரியை யார் தேடுவார்கள்? லாரியின் சொந்தக்காரர் வண்டியைத் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலைக்கு விற்றார். வண்டியோடு டிரைவரும் போனார்.

அந்த இடத்தைப் பேசி முடித்தது அவருடைய சகலை, அதாவது மனைவியின் தங்கை கணவர். குழாய்களுக்கும் கதவுப் பிடிகளுக்கும் பளபளவென்று முலாம் பூசுகிற தொழிற்சாலை அது. சகலை அங்கே மேற்பார்வையாளர். தொழிற்சாலையின் பின்புறம் ஆட்களுக்காகக் கட்டிய வீடுகள் வரிசையாக இருந்தன. சகலை வீட்டுக்கு அடுத்த வீடே காலியாக இருந்ததால் அக்கா தங்கை இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அடுப்பில் என்ன இருக்கிறது என்பதைச் சுவரைத் தட்டியே பேசிக்கொள்வார்கள். தங்கை வீட்டுப் பிள்ளை இந்த வீட்டில் தூங்கும். இந்த வீட்டு மகள் அந்த வீட்டில் பாடம் படிக்கும். பெண்கள் இருவரும் இத்தனை சந்தோஷமாக எப்போதும் இருந்ததில்லை.

தொழிற்சாலையின் உண்மையான சொந்தக்காரரை அங்கே யாரும் முதலாளி என்று சொல்வதில்லை. அவருக்குப் "பெரியவர்" என்று பேர். வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு, யாரையும் அதட்டாத மனுஷர். முதல் நாளே டிரைவருடைய பட்டப்பெயரைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "நல்லதாப் போச்சு. இனிமே நீங்க முதலாளி, நான் பெரியவர். யாருக்கும் குழப்பம் இல்லை" என்றார். அன்று அது எல்லாருக்கும் நல்ல நகைச்சுவையாகத்தான் பட்டது.

முலாம் பூசிய பிறகு தொட்டிகளில் மிச்சமாகிற தண்ணீர் மஞ்சள் நிறமாக இருக்கும். அமில வாடை மூக்கில் ஏறினால் அன்றைக்குச் சோற்றில் ருசி தெரியாது. அதை லாரியில் ஏற்றித் தொலைவில் உள்ள சுத்திகரிப்பு நிலையத்தில் கொண்டுபோய் விட வேண்டும் என்பது விதி. ஆரம்பத்தில் அப்படித்தான் செய்தார். அங்கே வரிசையில் நின்று, பரிசோதனை முடிந்து, வண்டியைக் காலி செய்து திரும்புவதற்குள் பொழுது போய்விடும். ஒருநாள் பெரியவர் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, அங்கே போய் ஏன் காத்துக் கிடக்க வேண்டும் என்று கேட்டார். வேறே எங்கேங்க கொண்டுபோறது என்றார் டிரைவர்.

"அதை என்கிட்டே கேட்டா? தண்ணி லாரி ஓட்டின ஆளு நீங்க. இந்தப் பக்கம் உங்களுக்குத் தெரியாத சந்து உண்டா? நீங்கதான் முதலாளியாச்சே."

இதற்கு என்ன அர்த்தம் என்று புரியாத அளவுக்கு அவர் பச்சைக் குழந்தை இல்லை. ஊருக்கு வெளியே கைவிட்ட கல்குவாரி ஒன்று இருந்தது. அதன் ஓரத்தில் வண்டியை நிறுத்தி வால்வைத் திறந்துவிட்டார். குற்றமே அறியாத அப்பாவி என்று அவருக்காக இங்கே யாரும் வக்காலத்து வாங்கப் போவதில்லை. கொட்டக் கூடாத இடத்தில் கொட்டுகிறோம் என்று தெரிந்தேதான் கொட்டினார். முதல் நாள் நாலு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பிறகு பழகிவிட்டது.

பட்டப்பகலில் கொட்டியும் ஏன் யாரும் கேட்கவில்லை என்றால், லாரியின் வயிற்றில் "குடிநீர்" என்று எழுதியிருந்த எழுத்தை யாரும் அழிக்கவில்லை. அழிக்க வேண்டாம் என்று சொன்னவர் பெரியவர். வண்டியைப் பார்க்கிறவர்கள் தொட்டியைக் கழுவி விடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். ஆனால் அந்த எழுத்துக்கு இன்னொரு வேலையும் இருந்தது. குவாரிக்குப் போகிற வழியில் குழாய் போய்ச் சேராத சில குடிசைகள் உண்டு. வண்டியைக் கண்டதும் அங்கேயிருந்து பெண்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். "முதலாளி, நிறுத்துங்க" என்று பழைய உரிமையோடு கூப்பிடுவார்கள். அவர் நிறுத்தாமல் ஹாரனை அழுத்திக்கொண்டே போவார். துரத்தி வந்தவர்களை ஒருநாள் கீழே இறங்கி வாய்க்கு வந்தபடி திட்டினார். பவுசு வந்ததும் கண்ணு தெரியலை என்று அவர்களும் மண்ணை வாரித் தூற்றினார்கள். அன்று வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். "உடம்புக்கு என்ன?" என்று மனைவி கேட்டதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்.

இந்தச் சமயத்தில்தான் புதுச் சட்டம் வந்தது. நல்ல சட்டம், நல்ல எண்ணத்தோடுதான் எழுதினார்கள். முன்பெல்லாம் கழிவைக் கண்ட இடத்தில் கொட்டிப் பிடிபட்டால் நிறுவனம் அபராதம் கட்டும், அவ்வளவுதான். தொழிற்சாலைக்காரர்கள் அதைக் கரண்டு பில் மாதிரி மாதச் செலவில் சேர்த்துவிட்டார்கள். புதுச் சட்டம் இந்த விளையாட்டெல்லாம் செல்லாது என்றது. கழிவு ஏற்றிய வண்டி யாருடையதோ அந்த முதலாளியே ஜெயிலுக்குப் போக வேண்டும், வண்டி பறிமுதல், இனி ஆயுளுக்கும் அந்தத் தொழில் செய்யவோ வண்டி ஓட்டவோ கூடாது. கூலிக்கு ஓட்டிய டிரைவர் பாவம், அவனுக்கு எச்சரிக்கையோடு சரி. கழிவை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்ட தொழிற்சாலைக்கு, சரியான ஆளா என்று பார்க்காமல் கொடுத்ததற்காக ஓர் அபராதம். இனி பெரிய மீன்கள் மாட்டும் என்று பத்திரிகைகள் எழுதின. எழுதியவர்களுக்குப் பெரிய மீனைப் பற்றி ஒன்றும் தெரியாது.

சட்டம் வந்ததுதான் தாமதம், தொழிற்பேட்டை டிரைவர்களுக்கெல்லாம் யோகம் அடித்தது. இந்தத் தொழிற்சாலையில் ஒருவருக்கு லாரி, அந்தத் தொழிற்சாலையில் ஒருவருக்கு டேங்கர் என்று மாற்றி எழுதினார்கள். வெளியே இதைப் பினாமி என்பார்கள். அங்கே இதற்கு "வண்டி குடுக்கிறது" என்று பேர். "உனக்கு இன்னும் வண்டி குடுக்கலியா?" என்று டிரைவர்கள் டீக்கடையில் ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொண்டார்கள்.

நம் டிரைவருக்கும் கொடுத்தார்கள். சகலைதான் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். இத்தனை வருஷம் கண்ணாகப் பார்த்துக்கொண்ட வண்டி, அவர் பேரிலேயே இருக்கட்டும் என்று பெரியவர் ஆசைப்படுகிறாராம். சம்பளம் அதேதான், வேலை அதேதான், சாவி வழக்கம்போலப் பெரியவர் அறை ஆணியில்தான் தொங்கும். பேர் மட்டும் மாறும். மனைவி உடனே, "இத்தனை நாள் இல்லாத ஆசை இப்போ எதுக்கு?" என்று கேட்டாள். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டது அவள் ஒருத்திதான். சகலை சிரித்து மழுப்பினார். டிரைவர் அவளைப் பார்த்து, கொடுக்கிறவர் கையைத் தட்டிவிடச் சொல்கிறாயா என்று கோபித்துக்கொண்டார். கையெழுத்துப் போட்ட அன்று வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அவர் அழுதுவிட்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கிளீனராக இருந்த நாளிலிருந்து ஊரார் சொல்லிச் சிரித்த வார்த்தை நிஜமாகிவிட்டது என்று அந்த மனுஷர் நம்பினார். எதற்காகக் கொடுத்தார்கள் என்பது அவர் புத்திக்குத் தெரியும். ஆனால் புத்தி சொல்வதை மனசு எப்போது கேட்டிருக்கிறது?

பிடிபட்டது ஒரு மத்தியான நேரத்தில். அதற்கு முந்தைய முறை வால்வை மூடிவிட்டு அவர் புறப்பட்ட பிறகு, குடிசைப் பெண் ஒருத்தி தரையில் குட்டையாகத் தேங்கியிருந்ததை வாளியில் மொண்டிருக்கிறாள். குடிநீர் லாரியிலிருந்து கொட்டியதுதானே, துணி துவைக்கவாவது ஆகும் என்று நினைத்தாள். முழங்கை வரைக்கும் வெந்து கொப்பளித்துவிட்டது. அவள் ஆஸ்பத்திரிக்குப் போக, டாக்டர் மேலிடத்துக்குச் சொல்ல, அடுத்த முறை லாரி வந்தபோது குவாரியின் திருப்பத்தில் ஜீப் காத்திருந்தது.

மாசுத் தடுப்பு அலுவலகத்துப் பெண் அதிகாரி இறங்கி வந்தார். கூடவே இரண்டு போலீஸ்காரர்கள். டிரைவர் ரப்பர் குழாயைக் கையில் பிடித்தபடி முதுகைக் காட்டி நின்றிருந்தார். அதிகாரி மூக்கை மூடிக்கொண்டு சத்தமாகக் கேட்டார்.

"இங்க யாரு முதலாளி?"

கூப்பிட்ட குரலுக்குத் திரும்புகிற மாதிரி அவர் திரும்பினார். "நான்தாங்க" என்றார்.

வாயில் ஒரு சின்னச் சிரிப்புகூட இருந்ததாகப் பிறகு போலீஸ்காரர்களில் ஒருவர் சொன்னார். ஆயுள் முழுக்க அந்தச் சொல்லுக்குத் திரும்பிப் பழகிய கழுத்து, என்ன செய்யும்? அதிகாரி அந்த இடத்திலேயே அதை எழுதிக்கொண்டார். "முதலாளி" என்பது தன்னைக் கூப்பிட்டது இல்லை, கேட்ட கேள்வி என்று டிரைவருக்குப் புரிவதற்குள் வண்டியைச் சுற்றிப் படம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

மறுநாள் பத்திரிகையில் "கழிவு முதலாளி கைது" என்று கொட்டை எழுத்தில் வந்தது. பள்ளிக்கூடத்தில் மகளிடம் மற்றப் பிள்ளைகள், உங்கப்பா அவ்வளவு பெரிய பணக்காரரா என்று கேட்டார்களாம். அவள் வந்து அம்மாவிடம் சொன்னாள். சிரிப்பதா அழுவதா என்று அம்மாவுக்குத் தெரியவில்லை.

ஜாமீனில் வெளியே வந்தார். அரசாங்கம் அவருக்காக இலவசமாக ஒரு வக்கீலை அமர்த்தியிருந்தது. அந்தப் பெண் வக்கீல் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வழக்கில் ஒரே கேள்விதான் என்று சொன்னார். கொட்டியதை மறுக்க முடியாது. நீங்கள் டிரைவரா, முதலாளியா? டிரைவர் என்றால் எச்சரிக்கையோடு வீட்டுக்குப் போகலாம், வண்டியும் ஓட்டலாம். முதலாளி என்றால் ஜெயில், அதன்பிறகு ஸ்டீயரிங்கையே தொட முடியாது. பதிவு உங்கள் பேரில் இருக்கிறது, நீங்களே வேறு ஒத்துக்கொண்டுவிட்டீர்கள். வண்டி உண்மையில் பெரியவருடையதுதான் என்று உள்ளேயிருந்து யாராவது ஒருவர் சொன்னால் போதும்.

உள்ளேயிருந்து சொல்ல இருப்பது யார்? சகலை ஒருவர்தான்.

மனைவி சுவரைத் தட்டாமல் வாசல் வழியாகவே தங்கை வீட்டுக்குப் போனாள். தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, பெரிசாக ஒன்றும் சொல்ல வேண்டாம், சாவி எங்கே தொங்கும் என்று மட்டும் உன் வீட்டுக்காரர் சொல்லட்டும் என்றாள். தங்கை அழுதாள். "அக்கா, இவருக்கு வேலை போச்சுன்னா இந்த வீடும் போயிடும். எங்களை என்ன பண்ணச் சொல்றே?" என்று கேட்டாள். அது பொய்யான கேள்வி இல்லை. அக்கா பிடித்திருந்த கையை விட்டுவிட்டுத் திரும்பி வந்தாள்.

சகலை மட்டும் அன்று சாயங்காலம் டிரைவரைத் தேடி வந்தார். வாசற்படியில் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அண்ணே, கோர்ட்டுல நான் பொய் சொல்ல மாட்டேன். என்னை நம்புங்க."

டிரைவர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். அந்த வார்த்தையை மடியில் முடிந்துகொண்டு விசாரணை நாள்வரை நிம்மதியாகத் தூங்கினார். மனைவிக்குத் தூக்கம் வரவில்லை. பொய் சொல்ல மாட்டேன் என்கிறவர் ஏன் உண்மையைச் சொல்கிறேன் என்று சொல்லவில்லை என்று அவள் கேட்டாள். இரண்டும் ஒன்றுதானே என்றார் டிரைவர்.

கோர்ட்டு அறையில் மின்விசிறி பெரிய சத்தத்தோடு சுற்றிக்கொண்டிருந்தது. பெரியவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்; டிரைவரைப் பார்த்ததும் வழக்கம்போலத் தலையசைத்தார். முதலில் கை வெந்த பெண் வந்தாள். கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினாள். இவரைத் தெரியுமா என்று அரசு வக்கீல் கேட்டார். தெரியாமல் என்ன, தண்ணி லாரி வந்த காலத்திலிருந்தே தெரியும், முதலாளி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம் என்றாள். அவளைப் பார்க்க டிரைவருக்குத் துணிச்சல் இல்லை. தண்டனை கிடைத்தால்கூடத் தகும் என்று அந்த ஒரு நிமிஷம் அவருக்குத் தோன்றியது.

அடுத்து அவரையே கேட்டார்கள். வண்டி பெரியவருடையது, நான் சம்பளத்துக்கு ஓட்டுகிறவன் என்றார். அப்படியானால் முதலாளி என்று ஏன் ஒத்துக்கொண்டீர்கள் என்று நீதிபதி கேட்டார்.

"பழக்கத்துல சொல்லிட்டேங்கய்யா."

"பழக்கமா? எப்போதிலேர்ந்து?"

"சின்ன வயசுலேர்ந்தேங்க."

அறையில் சிரிப்பு எழுந்தது. நீதிபதி சிரிக்கவில்லை. நீண்ட காலமாகவே தன்னை முதலாளியாகக் காட்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்று குறிப்பு எழுதச் சொன்னார். டிரைவரின் வக்கீல் எழுந்து, அது வெறும் பட்டப்பெயர் என்று விளக்கினார். சொந்தமாக வண்டி இருக்கிறவரை முதலாளி என்று கூப்பிடுவதற்குப் பட்டப்பெயர் என்றா பேர் என்று அரசு வக்கீல் கேட்டார்.

பிறகு சகலையைக் கூப்பிட்டார்கள். இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து கூண்டில் ஏறினார். டிரைவர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். பின்வரிசையில் அக்காவும் தங்கையும் இரண்டு மூலைகளில் உட்கார்ந்திருந்தார்கள். வண்டி யாருடையது என்று கேட்டார்கள். அவர் பேரில் இருக்கிறது என்றார் சகலை. தொழிற்சாலையில் அவரை எப்படிக் கூப்பிடுவீர்கள்? தான் அண்ணன் என்று கூப்பிடுவதாகவும், மற்றவர்கள் எல்லாரும் முதலாளி என்றுதான் கூப்பிடுவார்கள் என்றும் சொன்னார். குவாரியில் கொட்டும்படி பெரியவர் சொன்னாரா? அவர் சொல்லி என் காதால் கேட்டதில்லை என்றார். அதுவும் சரிதான், பெரியவர் அதை மூடிய அறைக்குள் அல்லவா சொன்னார்.

டிரைவரின் வக்கீல் கடைசிக் கேள்விக்கு வந்தார்.

"வண்டிச் சாவி எங்க இருக்கும்?"

"ஆணியில மாட்டியிருக்குங்க."

"யார் அறையில இருக்கிற ஆணி?"

சகலை டிரைவரைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கீழே குனிந்துகொண்டார்.

"பெரியவர் அறையிலதாங்க. ஆனா எல்லாச் சாவியும் அங்கதான் மாட்டுவோம். சரக்கு எடுக்க வர்ற வெளியாளுங்க வண்டிச் சாவிகூட அங்கதான் தொங்கும்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார், ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. கூண்டில் ஏறியவர்கள் ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. அத்தனை உண்மையையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டியதில் டிரைவர் முதலாளி ஆகிவிட்டார்.

தீர்ப்பு நாளில் நீதிபதி நீளமாக வாசித்தார். லாபத்துக்காக ஏழைகளின் மண்ணையும் தண்ணீரையும் கெடுக்கிற முதலாளிகளுக்கு இந்தச் சட்டம் பாடமாக இருக்க வேண்டும் என்றார். உணர்ச்சியோடு சொன்னார்; கேட்டவர்களுக்கு மெய் சிலிர்த்தது. அந்த வார்த்தைகள் ஒவ்வொன்றும் நியாயமானவை, ஆளைத் தவிர. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று வக்கீல் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. டிரைவருக்குச் சிறை, வண்டி பறிமுதல், ஓட்டுநர் உரிமம் ரத்து. தொழிற்சாலைக்கு அபராதம். பெரியவருடைய ஆள் அதை அங்கேயே கட்டி ரசீது வாங்கிக்கொண்டார். வெளியே வரும்போது பெரியவர் டிரைவர் பக்கத்தில் நின்று, "தைரியமா இருங்க. வீட்டை நாங்க பார்த்துக்கிறோம்" என்று மெதுவாகச் சொன்னார். அவர் குரலில் உண்மையான இரக்கம் இருந்தது. அதைக் கேட்டபோதுதான் டிரைவருக்கு முதன்முதலாகப் பயம் வந்தது.

சிறையில் அவரைத் தோட்டத்தில் போட்டார்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை. ஆரம்பத்தில் மனைவி வாராவாரம் வந்தாள். பிறகு இடைவெளி விழுந்தது. வேறு தொழிற்சாலையில் கூட்டிப் பெருக்கப் போவதாகச் சொன்னாள். தங்கையும் அவளும் பேசிக்கொள்வதில்லை. நடுச்சுவரில் ஓர் ஆணி அடித்தால்கூட அந்தப் பக்கத்துச் சத்தம் தலைக்குள் கேட்கிறது என்றாள். மகள் நன்றாகப் படிக்கிறாளா என்று அவர் கேட்டால் படிக்கிறாள் என்பாள். அவருக்குள் கோபம் ஒன்று மட்டும் உயிரோடு இருந்தது. அதுவும் நாளாக நாளாக யார்மேல் என்று தெரியாமல் சுருண்டுவிட்டது.

இந்த முறை வந்தபோது அவள் தலையைச் சீவிப் பின்னி, நல்ல புடவை கட்டியிருந்தாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"வீட்டைக் காலி பண்ணச் சொன்னாங்க" என்றாள். "வேலையில இல்லாதவங்களுக்கு வீடு கிடையாதாம்."

"பார்த்துக்கிறோம்னு சொன்னாரே?"

"பார்த்துக்கிட்டாங்க. இப்போ வீட்டுலயே இருக்கலாமாம். புதுசா ஒரு டேங்கர் வாங்கியிருக்காங்க. என் பேருல."

அவர் வலையைப் பிடித்துக்கொண்டார். முதலில் சகலை பேரில்தான் எழுதுவதாக இருந்தது என்றும், அக்காவுக்குப் போக்கிடம் இல்லை, அவங்க மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க என்று சகலையே எடுத்துச் சொல்லித் தன் தலையைத் தப்பித்துக்கொண்டார் என்றும் அவள் சொன்னாள். குரலில் குறை சொல்கிற தொனிகூட இல்லை. கடையில் அரிசி தீர்ந்துபோனதைச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"கையெழுத்துப் போட்டுட்டியா?"

"போன வாரமே."

"உனக்குத் தெரியாதா? என் கதையைப் பார்த்த பிறகுமா?"

"தெரிஞ்சுதாங்க போட்டேன். உங்களை மாதிரி சந்தோஷப்பட்டுப் போடலை. பொண்ணைத் தெருவுல நிறுத்த முடியாதுன்னு போட்டேன்."

பிடிபட்டால் என்ன ஆகும், எத்தனை வருஷம், அதற்குள் மகளை யார் பார்ப்பார்கள் என்று அவர் மனசு அங்குமிங்கும் முட்டியது. நேரம் முடிந்தது என்று காவலர் கதவுப் பக்கம் நின்று சொன்னார். அவள் எழுந்தாள்.

"இப்போ எங்க கொண்டுபோய்க் கொட்டுறாங்க? அதையாச்சும் கேட்டியா?"

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"கேக்கலை" என்றாள். "கேட்டாத் தெரிஞ்சுபோயிடும்ல."